இமைக்கு ஏறிய அரிப்பு: வெண்ணாற்றங்கரையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

அந்த அம்மா முதன்முதலில் என் எதிரே வந்து உட்கார்ந்தபோது கழுத்திலும் முன்கையிலும் காவிக்கோடுகள் காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தன. அக்கி எழுதியிருந்தார்கள். பக்கத்து ஊரில் பானை வனையும் வேளார் மூன்று நாள் காலையில் வரச்சொல்லி, காவியைக் குழைத்து எழுதி அனுப்பியிருக்கிறார்.

"மூணாம் நாள் எறங்கிடும்னாங்க டாக்டரம்மா. எறங்கல. கண்ணுக்கு ஏறிடுச்சு."

கண் இரண்டும் பாதிதான் திறந்தன. மேல் இமைகள் வீங்கி, தடித்து, சுருங்கிய தோல்போல மடிப்பு விழுந்திருந்தன. கூட வந்த மருமகள் கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் ஐந்தாறு ஆயின்மெண்ட் குழாய்கள், பாதி தீர்ந்தவை, முழுக்கப் பிதுக்கப்பட்டவை. மூன்று வருடக் கதை அந்தப் பைக்குள் இருந்தது.

அவருடைய சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். பெயரும் ஊரும் வேண்டாம். வெண்ணாற்றின் கரையில் ஒரு சிற்றூர், வயது 54, விவசாயக் கூலி. நடவு, களையெடுப்பு, அறுப்பு எல்லாம் செய்தவர். வயல் வேலை குறைந்த மாதங்களில் நூறு நாள் வேலை. எட்டு வருடமாகச் சர்க்கரை, அதற்கு மாத்திரை. வீட்டில் வேறு யாருக்கும் அரிப்பு இல்லை. அது 2023 வைகாசி, மேட்டூர் திறப்பதற்கு முன்னால் வாய்க்கால் தூர்வாரும் வேலை ஊருக்கு ஊர் நடந்துகொண்டிருந்த நேரம்.

இந்த நிகழ்வை எழுதக் காரணம் நோயின் அபூர்வம் அல்ல. டெல்டாவில் வேலை செய்யும் எந்த மருத்துவரும் வருடத்துக்குப் பல பேரைப் பார்க்கிற நோய்தான். முதல் குற்றவாளியைக் கண்டுபிடித்ததும் நான் தேடுவதை நிறுத்திவிட்டேன். அதனால் அந்த அம்மா இன்னும் மூன்று மாதம் அவதிப்பட்டார். அதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

மூன்று வருடக் கதை

முதல் வருடம் மாசியில் கழுத்தில் லேசான அரிப்பு. வியர்க்குரு என்று விட்டுவிட்டார். மழை வந்ததும் போய்விட்டது. இரண்டாம் வருடம் கழுத்தோடு முழங்கை மடிப்பும் சேர்ந்தது. மருந்துக்கடையில் கேட்டு ஒரு ஆயின்மெண்ட் வாங்கிப் போட்டார். இரண்டே நாளில் அடங்கியது. நிறுத்தியதும் திரும்பி வந்தது. மறுபடி போட்டார். இப்படி ஒரு வருடம். நடுவில் ஒருவர் சொறி என்று லோஷன் கொடுத்தார், இன்னொருவர் படர்தாமரை என்று மாத்திரை கொடுத்தார். மூன்றாம் வருடம் முகத்துக்கு ஏறியது. குப்பைமேனியும் உப்பும் அரைத்துத் தேய்த்தார். புண்பட்ட தோலில் உப்பு பட்டால் என்ன ஆகும்? இரவெல்லாம் விசிறியோடு உட்கார்ந்திருந்ததாகச் சொன்னார்.

பையிலிருந்த குழாய்களில் நான்கு, ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் பாக்டீரியா மருந்தும் ஒன்றாகக் கலந்தவை. சீட்டு இல்லாமலே கிடைப்பவை. ஸ்டீராய்டு இருப்பதால் எந்த அரிப்பும் இரண்டு நாள் அடங்கும், அதனால் மருந்து வேலை செய்கிறது என்ற நம்பிக்கை வரும். காரணம் அப்படியே இருக்கும். மாதக்கணக்கில் முகத்தில் தடவினால் தோல் மெலிந்து இரத்தக் குழாய் தெரியும். அவர் கன்னத்தில் அது தெரிய ஆரம்பித்திருந்தது. நான் பார்க்கும் தோல் நோயாளிகளில் பாதிப்பேர் இந்தக் குழாய்களில் ஒன்றைக் கடந்துதான் வருகிறார்கள். இதில் எனக்குக் கோபம் உண்டு. அந்தக் கோபம் வாங்குகிறவர்கள் மேல் அல்ல.

அக்கி எழுதியதைப் பற்றியும் ஒரு வார்த்தை. உண்மையான அக்கி, அம்மை வைரஸ் நரம்பில் தங்கியிருந்து பின்னாளில் கிளம்புவது. உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும், பட்டைபோல, கொப்புளமாக வரும். எரிச்சலும் வலியும் அரிப்பைவிட அதிகம். இரண்டு மூன்று வாரத்தில் தானாகவே காய்ந்துவிடும். இவருக்கு இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருந்தது, வலி இல்லை, அரிப்பு மட்டும். வேளாரைக் குறை சொல்ல எனக்கு மனம் இல்லை. படித்த நாங்களே அதற்குள் இரண்டு தப்பான பெயர் வைத்திருந்தோம்.

இடம்தான் முதல் சாட்சி

தோல் அரிப்பில், என்ன வந்திருக்கிறது என்பதைவிட எங்கே வந்திருக்கிறது, எங்கே வரவில்லை என்பதுதான் அதிகம் பேசும். ஜன்னல் வெளிச்சத்தில் உட்காரவைத்துப் பார்த்தேன். மேல் இமை, காதுக்குப் பின்பக்கம், தாடைக்குக் கீழே, கழுத்தைச் சுற்றி, இரண்டு முழங்கை மடிப்பு, மணிக்கட்டு. புடவைக்குள் இருந்த வயிறும் தொடையும் சுத்தம். முதுகில் ரவிக்கைக்கு மேலே மட்டும்.

வெயில் ஒவ்வாமையாக இருந்தால் நெற்றி, மூக்கு, கன்னமேடு, முன்கையின் மேல்பக்கம் வரும். வெயில் படாத மேல் இமையும் காதின் பின்பக்கமும் தாடையின் அடியும் தப்பித்துவிடும். இவருக்கு அந்த மூன்று இடங்களில்தான் மோசம். வெயில் போகாத இடத்துக்குத் தூசி போகும். காற்றில் வரும் ஏதோ ஒன்று படிந்து, மடிப்புகளில் வியர்வையோடு தங்கி இந்த வேலையைச் செய்கிறது என்பது அப்போதே தெளிவாகிவிட்டது.

மற்றவற்றையும் ஒவ்வொன்றாகத் தள்ளினேன். சொறியாக இருந்தால் விரல் இடுக்கும் இடுப்பும் முதலில் வரும், முகத்தில் பெரியவர்களுக்கு வராது, வீட்டில் இன்னொருவருக்காவது இருக்கும். செந்தட்டி பட்டால் தொட்ட நிமிடமே கொட்டியதுபோல எரிந்து, சில மணி நேரத்தில் அடங்கும். பூனைக்காலிச் சுணையும் அப்படித்தான். அறுப்புக் காலத்தில் விளக்கைத் தேடி வரும் சிவப்பும் கறுப்புமான மெலிந்த சிறு வண்டு ஒன்று உண்டு. உடம்பில் ஊரும்போது அதை நசுக்கினால் அதனுள்ளிருக்கும் நஞ்சு தோலில் இழுபட்டு, மறுநாளோ அதற்கடுத்த நாளோ சூடு வைத்ததுபோல ஒரு கோடு எழும். முழங்கை மடிப்பில் நசுங்கினால் மடிப்பின் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று பார்த்தபடி இரண்டு புண். ஊரில் இதை "பூச்சி கடிச்சிருச்சு" என்பார்கள், ஆனால் அது கடிப்பதில்லை. அது ஒரு வாரம் பத்து நாளில் ஆறிவிடும். மூன்று வருடம் வளராது.

இணையத்தில் 'விஷச்செடி அரிப்பு' என்று தேடினால் மூன்று இலைக் கொடி ஒன்றைப் பற்றி நிறையக் கிடைக்கும். பாய்சன் ஐவி என்ற அந்தக் கொடி வட அமெரிக்காவைச் சேர்ந்தது, நம் வரப்பில் கிடையாது. ஆனால் அதன் எண்ணெயின் உறவுகள் நம்மிடம் உண்டு. சேராங்கொட்டை, முந்திரிக்கொட்டையின் ஓட்டெண்ணெய், மாங்காய்க் காம்பின் பால், எல்லாம் ஒரே தாவரக் குடும்பம். ஆதனக்கோட்டைப் பக்கம் முந்திரி உடைப்பவர்களின் விரல்களைப் பார்த்தால் தெரியும். இந்த அம்மாவுக்கு அந்த வேலை இல்லை.

வாய்க்கால் கரையில் என்ன இருந்தது என்று கேட்டேன். "எல்லாம் அந்த வெள்ளப்பூச் செடிதான், பார்த்தீனியம். காஞ்சு கெடக்கும். புடுங்கிப் போட்டாப் பொடியாப் பறக்கும்" என்றார்.

பார்த்தீனியம் செய்வது

கேரட் இலைபோல நறுக்கிய இலையும், சாதப் பருக்கைபோல வெள்ளைப் பூவுமாக நிற்கும் செடி. தாயகம் அமெரிக்க வெப்ப நாடுகள். 1950களின் நடுவில் புனே பக்கம் நம் நாட்டில் முதலில் கவனிக்கப்பட்டது. அமெரிக்காவிலிருந்து இறக்குமதியான கோதுமையோடு விதை வந்தது என்பது பரவலாகச் சொல்லப்படுவது. முளைத்து ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில் பூத்துவிடும். செழித்த ஒரு செடி 15,000 விதைக்கு மேல் போடும். தண்ணீர் நிற்கும் நடவு வயலுக்குள் அதனால் பெரிதாகத் தலைதூக்க முடியாது. வரப்பு, வாய்க்கால் கரை, படுகை, களத்துமேடு, தண்ணீர் வராமல் தரிசாகப் போட்ட வயல், இவைதான் அதன் இடம். ஆற்றில் தண்ணீர் வராத வருடங்களில் டெல்டாவில் தரிசு நிலமெல்லாம் வெள்ளைப்பூவாக நிற்பதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

இலையிலும் தண்டிலும் பூவிலும் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ரோமங்கள். அவற்றில் பார்த்தெனின் என்ற பொருள் இருக்கிறது. செடி காய்ந்தாலும் அது அழியாது. காய்ந்த செடி நொறுங்கித் தூளாகி, அந்தத் தூள் காற்றில் வந்து தோலில் படிகிறது.

இது சுணைபோலத் தொட்டதும் கடிப்பதில்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தி அந்தப் பொருளைப் பகையாக அடையாளம் கண்டு மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், அதற்குப் பல மாதம், சில நேரம் பல வருடம் ஆகும். பத்து வருடம் அதே செடியைப் பிடுங்கியவருக்குப் பதினோராம் வருடம் வரும். "இத்தனை நாள் பண்ணாதது இப்ப பண்ணுமா?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். பண்ணும். ஒருமுறை பகை பதிந்துவிட்டால் அதற்குப்பின் கொஞ்சம் பட்டாலும் ஒன்று முதல் மூன்று நாளுக்குள் அரிப்பு எழும். இன்று பட்டது நாளை மறுநாள் தெரிவதால்தான் யாருக்கும் காரணம் பிடிபடுவதில்லை. சனிக்கிழமை கரையில் வேலை செய்தவர் திங்கட்கிழமை சாப்பிட்ட கத்தரிக்காயைக் குற்றம் சொல்வார். இந்த அம்மா கத்தரிக்காயையும் கருவாட்டையும் இரண்டு வருடமாக விட்டிருந்தார்.

சட்டையும் துண்டும்

எங்கள் பக்கத்துப் பெண்கள் வயலுக்குப் போகும்போது புடவைக்கு மேல் வீட்டு ஆண்களின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்வார்கள், தலைக்கு ஒரு துண்டு. அவரும் அப்படித்தான். சட்டையை எப்போது துவைப்பீர்கள் என்று கேட்டேன். வாரத்துக்கு ஒருமுறை. மற்ற நாள் மாட்டுக்கொட்டகை ஆணியில் தொங்கும். துண்டு? முகம் துடைப்பதும் அதே துண்டுதான்.

இமை ஏன் இவ்வளவு மோசம் என்பதற்குப் பாதி விடை அந்தத் துண்டில் இருந்தது. உடம்பிலேயே மெல்லிய தோல் இமையில்தான். வரப்பில் படிந்த தூளை மத்தியானம் கஞ்சி குடிக்கும் நேரத்தில் அவரே இமைக்குள் தேய்த்துக்கொண்டிருந்தார்.

முதல் நாள் கொடுத்த மருந்து பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. ப்ரெட்னிசொலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை தினம் 30 மில்லிகிராமில் தொடங்கி மூன்று வாரத்தில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினேன். சர்க்கரை ஏறும் என்பதால் வாரம் இரண்டுமுறை பார்க்கச் சொன்னேன். முதல் வாரமே வெறும்வயிற்றில் 190 வந்தது, மாத்திரை அளவைக் கூட்ட வேண்டியிருந்தது. இரவில் தூங்க ஒரு அரிப்பு மாத்திரை. கழுத்துக்கும் கைக்கும் நடுத்தர வீரிய ஸ்டீராய்டு களிம்பு, இமைக்கு அது கூடாது, வீரியம் குறைந்தது சில நாள் மட்டும். குளித்த ஈரத்தோடு தேங்காய் எண்ணெய். பையிலிருந்த குழாய்களை வாங்கி வைத்துக்கொண்டேன்.

அதைவிட அதிக நேரம் எடுத்துச் சொன்னவை இவை. வேலை முடிந்ததும் கரையிலேயே முகம், கழுத்து, கை மூன்றையும் நிறையத் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், தேய்க்காதீர்கள். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். சட்டையை அன்றன்றே தண்ணீரில் போடுங்கள், வீட்டுக்குள் உதறாதீர்கள். முகத்துக்குத் தனித் துண்டு. மண்வெட்டி, அரிவாள் பிடியையும் கழுவுங்கள். பிடுங்கிய செடியைக் குவித்துக் கொளுத்தும் இடத்தில் நிற்காதீர்கள், புகையோடு எழும் தூள் கண்ணுக்கும் மூச்சுக்கும் போகும்.

மருமகளுக்கு வேறொரு பயம் இருந்தது. கைக்குழந்தையைத் தூக்கலாமா, ஒட்டிக்கொள்ளுமா என்று மெதுவாகக் கேட்டார். ஒட்டாது. கொப்புளம் உடைந்து வடியும் நீரிலும் செடியின் பொருள் கிடையாது, அதனால் அரிப்பு பரவாது. உடம்பில் புதிதாகப் புதிதாக எழுவது முன்பே பட்டது தாமதமாக வெளிப்படுவதுதான், அல்லது துவைக்காத துணியிலிருந்து மறுபடி படுவது. மூன்று வருடமாக அந்த வீட்டில் அவருக்குத் தனித்தட்டு, தனிப்பாய். இதைச் சொன்னதும் அந்த அம்மா அழுதார்.

மூன்று வாரத்தில் இமை வற்றியது. ஜூன் 12இல் அணை திறந்து, ஆற்றில் தண்ணீர் வந்த பிறகு சிரித்த முகத்தோடு வந்தார். ஸ்டீராய்டு நிறுத்தி இரண்டு வாரம் கழித்து மருத்துவக் கல்லூரியின் தோல் பிரிவுக்கு ஒட்டுச் சோதனைக்கு அனுப்பினேன். ஒவ்வாமை தரக்கூடிய பொருள்களைச் சிறுசிறு அலுமினியக் கிண்ணங்களில் வைத்து மேல்முதுகில் ஒட்டிவிடுவார்கள். இரண்டு நாள் முதுகு நனையக் கூடாது. இரண்டாம் நாள் எடுத்துப் பார்த்து, நான்காம் நாள் மறுபடி பார்ப்பார்கள். ஸ்டீராய்டு மாத்திரை உள்ளே இருந்தால் உண்மை மறைந்துவிடும், அதனால்தான் இடைவெளி. பார்த்தீனியம் வைத்த இடம் சிவந்து, தடித்து, சிறு கொப்புளம் கட்டியிருந்தது. மற்றவை எதுவும் இல்லை.

நான் கோப்பில் பார்த்தீனியத் தூசி ஒவ்வாமை என்று எழுதி, கரை வேலைக்குப் போக வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

ஆடி, ஆவணி

ஆடி மூன்றாம் வெள்ளி. வாசலில் நின்ற முகத்தைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. இமை பழையபடி வீங்கியிருந்தது. கழுத்து ரணம். "ஒரு நாளும் கரைக்குப் போவல. வீட்டு வாசலத் தாண்டல, சத்தியமா" என்றார். மருமகளும் ஆமாம் என்றார்.

நான் அதை முழுதாக நம்பவில்லை. கூலி வேலைக்காரருக்கு வீட்டில் உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்பது தெரியும், எங்காவது ஒருநாள் போயிருப்பார் என்று நினைத்தேன். இல்லாவிட்டால் ஊரைச் சுற்றி நிற்கும் செடியிலிருந்து காற்றில் வருகிறது. ஆடிக்காற்று வேறு. காரணம் எனக்குத் தெரியும் என்ற நினைப்பு கேள்வி கேட்பதை நிறுத்திவிடுகிறது. சர்க்கரை இருப்பதால் ஸ்டீராய்டை மறுபடி நீட்ட மனமில்லை. தோல் பிரிவோடு பேசி, இரத்த அணுக்களும் கல்லீரலும் சோதித்து, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் அசாதயோப்ரின் 50 மில்லிகிராம் தொடங்கினோம். பார்த்தீனிய ஒவ்வாமைக்கு நம் நாட்டில் நன்கு பழகிய மருந்து அது. ஆனால் வேலை காட்ட ஆறு முதல் எட்டு வாரம் எடுக்கும், வெள்ளணு குறையலாம், மாதா மாதம் இரத்தம் பார்க்க வேண்டும். கூலிக்காரக் குடும்பத்துக்கு இது சின்னச் சுமை இல்லை.

ஆவணியிலும் குறையவில்லை. ஒரு புதன்கிழமை மருந்துச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். அவர் கையை மேசைமேல் வைத்திருந்தார். வலது கட்டைவிரல் நுனியும் ஆட்காட்டி விரல் நுனியும் வெடித்திருந்தன. கட்டைவிரல் நகத்தின் ஓரத்தில் மஞ்சள் கறை. மஞ்சள் அரைத்தீர்களா என்று கேட்டேன்.

"இல்ல டாக்டரம்மா, பூக்கறை. சாமந்தி."

"பூ வைக்கிறீங்களா?"

"கட்டுறேன். வேலைக்குப் போவக் கூடாதுன்னு நீங்க சொன்னீங்கல்ல. சும்மா குந்தியிருந்தா எப்புடி? ஆனிலேர்ந்து பூக்கடைக்காரரு வீட்டுக்கே கூடைய எறக்கிட்டுப் போறாரு. முகூர்த்த நாள்னா ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் மாலை கட்டுவேன்."

பார்த்தீனியமும் சாமந்தியும் ஒரே குடும்பம், சூரியகாந்திக் குடும்பம். இரண்டிலும் உள்ள ஒவ்வாமைப் பொருள்கள் ஒரே வகையைச் சேர்ந்தவை. ஒன்றைப் பகையாகப் பதிந்துகொண்ட உடம்பு இன்னொன்றையும் அடையாளம் கண்டுகொள்ளும். இது பாடப்புத்தகத்தில் உள்ளது. நான் படித்தது. வைகாசியில் கேட்டிருந்தால் அவர் அப்போது பூ கட்டவில்லை என்றுதான் சொல்லியிருப்பார், ஆனால் ஆனியில் வேலையை விடச் சொன்னபோது "வீட்டில் என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. வரப்பிலிருந்து அவரை எடுத்து ஓசூர்ப் பக்கத்திலிருந்து வந்த சாமந்திக் கூடைக்கு முன்னால் உட்காரவைத்தது என் அறிவுரைதான். வீட்டை விட்டு வெளியே போகவில்லை என்று சத்தியம் செய்தவரை நம்பாமல் இருந்ததற்கு அன்றே மன்னிப்புக் கேட்டேன்.

புரட்டாசியில் தோல் கொஞ்சம் அடங்கிய பிறகு, அவர் கட்டிய அதே சாமந்தியின் இதழையும் காம்பின் இலையையும் வைத்து தோல் பிரிவில் மறுபடி ஒட்டுச் சோதனை செய்தார்கள். இரண்டாம் நாளே இதழ் வைத்த இடம் தடித்திருந்தது. செடியை நேரடியாக வைத்து யாரும் வீட்டில் சோதித்துப் பார்க்க வேண்டாம். எரித்துப் புண்ணாக்கும் செடிகளும் உண்டு, புதிதாக ஒவ்வாமையை உண்டாக்கிவிடும் செடிகளும் உண்டு.

பூக்கட்டும் பெண்ணுக்கு எதைக் கொடுக்கலாம்?

இதற்கு எந்தப் புத்தகத்திலும் விடை இல்லை, அவரோடு உட்கார்ந்துதான் யோசித்தோம். கையுறை போட்டால் வாழைநார் முடிச்சு விழாது, போட்டுப் பார்த்துவிட்டுக் கழற்றிவிட்டார். சாமந்தியை விட்டுவிட்டுக் கதம்பம் கட்டுகிறேன் என்றார். கதம்பத்தில் மரிக்கொழுந்து வரும், அதுவும் அந்தக் குடும்பம். துலுக்கச் சாமந்தியும் அதே. கடைசியில் மல்லி, முல்லை, கனகாம்பரம் மூன்றும் மட்டும் என்று முடிவானது. பூக்கடைக்காரர் நல்ல மனிதர், ஒப்புக்கொண்டார். ஆனால் மாலைக் கூலி போய்விட்டது, முழக் கூலிதான். அந்த இழப்பை நான் எந்த மருந்தாலும் ஈடுகட்ட முடியாது.

வீட்டில் வேறு என்னென்ன என்று இம்முறை விடாமல் கேட்டேன். தலைக்குக் கரிசலாங்கண்ணி காய்ச்சிய எண்ணெய். அரிவாள் வெட்டினால் பிழிந்துவிடும் வெட்டுக்காயப் பூண்டு. இரண்டும் அந்தக் குடும்பம்தான். அந்த வகைச் செடி எல்லாமே எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாமல் போகும் என்று இல்லை, ஆனால் இவருக்கு முன்னெச்சரிக்கையாக நிறுத்தச் சொன்னேன். கொல்லையில் நிற்கும் மருளூமத்தையையும் பிடுங்கச் சொன்னேன், வேறு யாராவது.

கார்த்திகைக்குள் இமை தெளிந்தது. தை மாதம் விரல் நுனி மூடியது. அசாதயோப்ரினை ஒருநாள் விட்டு ஒருநாள் ஆக்கி, 2024 வைகாசியில் நிறுத்தினோம். மாதாந்திர இரத்தச் சோதனைகளில் ஒருமுறை வெள்ளணு சற்று இறங்கியது, இரண்டு வாரம் நிறுத்தி வைத்ததும் ஏறிவிட்டது.

கரையில்

அவரை மட்டும் காப்பாற்றிவிட்டு செடியை அப்படியே விட்டால் அடுத்தவர் வருவார். பார்த்தீனியத்தைப் பிடுங்க வேண்டிய நேரம் ஐப்பசி, கார்த்திகை. மண் ஈரமாக இருக்கும், வேரோடு வரும், பூக்காத இளஞ்செடியில் பறக்கும் தூள் இருக்காது. சித்திரையில் காய்ந்து நிற்கும்போது பிடுங்குவதுதான் எல்லாவற்றிலும் மோசம், ஆனால் தூர்வாரும் வேலை அப்போதுதான் வருகிறது. கறையான் அரித்த கட்டைபோல நொறுங்கும் அந்தச் செடிகளைத் தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டாவது வெட்டலாம். முழுக்கை, கையுறை, மூக்கையும் வாயையும் மூடிய துணி, கழுத்து மூடிய சட்டை. பூத்தவற்றை வண்டியில் ஏற்றி வேறு இடத்தில் கொட்டாதீர்கள், விதையைக் கொண்டுபோய் விதைப்பதற்குச் சமம்.

லிட்டருக்கு 200 கிராம் சமையல் உப்பு கரைத்துத் தெளித்தால் செடி கருகும். சாலை ஓரத்துக்கும் காலி மனைக்கும் சரி. வரப்பில் வேண்டாம், உப்பு வயலுக்குள் இறங்கும். 1980களில் பெங்களூரில் இறக்கிவிடப்பட்ட மெக்சிகோ வண்டு மழைக்காலத்தில் இலையை நன்றாகத் தின்கிறது, கோடையில் மண்ணுக்குள் போய்விடும். காலி இடத்தில் ஆவாரையும் துத்தியும் அடர்ந்து நின்றால் பார்த்தீனியம் அமுங்கும். எங்கள் ஊர்ப் பள்ளிக்குப் பின்னால் அப்படித்தான் நிற்கிறது.

எல்லா அரிப்புக்கும் டாக்டரிடம் ஓட வேண்டியதில்லை. கழுவி, குளிர்ந்த ஈரத்துணி வைத்து, கேலமைன் தடவினால் அடங்குவதுதான் அதிகம். ஆனால் கண் மூடிக்கொள்ளும் அளவு வீங்கினாலோ, உதடு வாய் தடித்து மூச்சு வாங்கினாலோ, செடிப் புகையை மூச்சில் இழுத்த பிறகு இருமல் நிற்காவிட்டாலோ, சீழும் காய்ச்சலும் வந்தாலோ, இரண்டு வாரத்தில் ஆறாவிட்டாலோ காத்திருக்காதீர்கள். வேலி வெட்டும்போது திருகுகள்ளிப் பாலோ எருக்கம்பாலோ கண்ணில் தெறித்தால் அது வேறு ஆபத்து. கண்ணை அகலத் திறந்து ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் கழுவிவிட்டு அன்றே கண் மருத்துவரிடம் போங்கள். தாய்ப்பால் விடுகிறேன், விளக்கெண்ணெய் விடுகிறேன் என்று அந்த இருபது நிமிடத்தை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கருவிழி வெளுத்துப் போயிருந்தது.

2024இல் ஜூன் 12 அன்று அணை திறக்கவில்லை. ஜூலை 28 வரை காத்திருந்தோம். குறுவை போடாத வயல்களில் செடி இடுப்பளவு நின்றது. எனக்கு அந்த அம்மாவின் நினைப்புதான். ஆடியில் வந்தார், கழுத்தில் கொஞ்சம் சிவப்பு, இமை சுத்தம். ஒரு வாரக் களிம்போடு அடங்கியது. அந்த வருடம் தூர்வாரும் வேலையில் பணித்தளப் பொறுப்பாளரிடம் என் சீட்டைக் காட்டி, தண்ணீர் கொடுக்கும் வேலைக்கு மாற்றி வாங்கியிருந்தார். புங்கமரத்தடியில் குடத்தோடு, தூள் மேலே வராதபடி காற்று வரும் பக்கத்தில்.

"சட்டையத் தெனம் தொவைக்கிறேன். எனக்கு மட்டுமில்ல, கூட வேல செய்யிற எட்டுப் பேத்துக்கும் சொல்லிட்டேன். ரெண்டு பேத்துக்குக் கழுத்துல ஆரம்பிச்சிருக்கு டாக்டரம்மா. அடுத்த புதன்கிழமை கூட்டியாறேன்" என்றார்.

கூட்டிவந்தார். மேல் இமையைப் பார்த்தேன், காதுக்குப் பின்னால் பார்த்தேன். பிறகு வயல் வேலை இல்லாத நாளில் வீட்டில் என்ன செய்வீர்கள் என்று இரண்டு பேரிடமும் கேட்டு, அதைக் கோப்பில் முதல் வரியாக எழுதினேன்.